கலர் பானங்களில் உள்ள சாயங்களைப் பிரிப்பது எப்படி? கடலூர் ஆசிரியை ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கடலூர் முதுநகரில் பணிபுரியும் அறிவியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர், கடையில் விற்கும் ஆரஞ்சுக் கலர், பச்சை சர்பத், ரோஸ்மில்க் ஆகிய மூன்றிலும் என்னென்ன சாயங்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும் செயல்திட்டம் ஒன்றை அறிவியல் கண்காட்சிக்காகத் தயாரிக்கிறார்கள். வடிதாளில் பானத்தைச் சொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால், நிறம் தனித்தனிப் புள்ளியாகப் பிரியாமல் இழுத்துப் பூசியதுபோல் நீண்டுவிடுகிறது. இது ஏன்? பிரிந்த புள்ளி எந்தச் சாயம் என்று எப்படிச் சொல்வது? தடை செய்யப்பட்ட சாயம் கலந்திருக்கிறதா என்பதை இந்தச் சோதனையை வைத்தே அறிவிக்கலாமா?

முதல் கேள்விக்கான விடை சர்க்கரை. இரண்டாவதற்கு, பெயர் தெரிந்த சாயத்தை அதே தாளில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவதற்கு, அறிவிக்கக் கூடாது. இனி ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

சாதாரண சோடா வகைப் பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது லிட்டருக்கு 100 கிராம். செயற்கைச் சாயத்துக்கு நம் நாட்டில் இத்தகைய பானங்களில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராம்தான். ஆகவே, விதியை மதித்துத் தயாரித்த பானத்தில்கூட ஒரு பங்கு சாயத்துக்கு ஆயிரம் பங்கு சர்க்கரை இருக்கிறது. மாணவிகள் ஒரு சிறு சொட்டு வைக்கும்போது அதில் உள்ள சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு என்பதால், அதே இடத்தில் மேலும் மேலும் சொட்டு வைக்கிறார்கள். சாயம் பத்து மடங்கு ஏறும்போது சர்க்கரையும் பத்து மடங்கு ஏறி, தாளின் நுண்துளைகளில் பாகாக உறைந்து நிற்கிறது. கீழிருந்து ஏறி வரும் நீர் அந்தப் பாகை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டே செல்வதால், சாயம் ஒரே நேரத்தில் கிளம்பாமல் தவணை முறையில் கிளம்புகிறது. நீங்கள் பார்க்கும் நீண்ட கோடு அதனால் வருவது. கரும்பலகைச் சாக்பீசுக்கு மாறினாலும், விலை உயர்ந்த தாளுக்கு மாறினாலும் இது தீராது. சாயத்தைச் சர்க்கரையிலிருந்து முதலில் விடுவிக்க வேண்டும். கண்காட்சிகளில் நான் பார்க்கும் பெரும்பாலான வண்ணப்பிரிகைச் செயல்திட்டங்கள் (நீர்மம் தாளில் ஏறும்போது நிறங்கள் தனித்தனியே பிரியும் குரோமட்டோகிராபி முறை) சறுக்குவது இந்த முதல் படியில்தான். தாளை நிறுத்துவது எளிய வேலை.

விடுவிக்க உதவுவது வெள்ளைக் கம்பளி நூல். பானங்களில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் பெரும்பாலும் சல்போனிக் அமிலத் தொகுதி கொண்டவை. நீரில் கரைந்ததும் எதிர்மின்சுமை பெறுபவை. கம்பளி ஒரு புரதம். அமிலம் கலந்த நீரில் அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்சுமை பெறுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, மின்சுமையற்ற சர்க்கரை நீரிலேயே தங்கிவிடுகிறது. பிறகு அதே நூலை அமோனியா கலந்த நீரில் போட்டால், புரதம் நேர்மின்சுமையை இழந்து சாயத்தைக் கைவிடுகிறது. பயன்படும் பொருள்கள் மூன்றே என்றாலும், அமிலம், காரம், மின்சுமை, புரதம் என்று பாடநூலின் பல இயல்கள் இந்த ஒரு முகவைக்குள் வந்துவிடுகின்றன.

நூலை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் 'உல்லன்' என்று விற்கும் பின்னல் நூல் பெரும்பாலும் அக்ரிலிக் இழையாகவே இருக்கும். அது இச்சோதனைக்கு உதவாது. ஒரு விரற்கடை நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினால் வேறுபாடு தெரிந்துவிடும். உண்மைக் கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் சுருண்டு எரியும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும், நசுக்க முடியாது. கம்பளி கிடைக்காவிட்டால் சாயமிடாத வெள்ளைப் பட்டு நூல் போதும், ஏனெனில் பட்டும் புரதமே. புதுவையை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டு நெசவு நடக்கிறது. தறி வைத்திருப்பவரிடம் கேட்டால் துண்டு நூல் கொடுக்க மாட்டார்களா என்ன! எந்த நூலானாலும் முதலில் சில துளி சோப்புக் கரைசல் கலந்த நீரில் கொதிக்கவைத்து, நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் திட்டுத்திட்டாக ஏறும்.

செய்முறை இது. ஆரஞ்சுக் கலர் போன்ற வாயு ஏற்றிய பானம் 50 மில்லி எடுத்து, இளஞ்சூட்டில் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள். அதில் இரண்டு தேக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்து, ஒரு சாண் நூலைப் போட்டு, மெல்லிய கொதியில் பத்து நிமிடம் வைத்திருங்கள். பானம் வெளிறி, நூல் நிறமேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நூலை எடுத்துக் குளிர்ந்த நீரில் நன்றாக அலசுங்கள். ஒட்டியிருக்கும் சர்க்கரை போவது இந்த அலசலில்தான். பிறகு 20 மில்லி தூய நீரில் சில துளி அமோனியாக் கரைசல் விட்டு, நூலைப் போட்டு மீண்டும் சூடேற்றினால், நூல் வெளுத்து நீர் நிறமாகும். நூலை எடுத்துவிட்டு, அந்த நிறநீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஒரு மில்லி அளவுக்குச் சுண்டவையுங்கள். 50 மில்லி ஒரு மில்லியாகிறது; வழியில் கொஞ்சம் சாயம் இழந்தாலும் செறிவு பல மடங்கு ஏறியிருக்கும், சர்க்கரையோ ஏறக்குறைய இல்லை. அமோனியாவுக்குப் பதிலாகச் சலவைச் சோடா போடலாமா என்று மாணவிகள் கேட்கக்கூடும். சாயம் இறங்கும், ஆனால் சுண்டும்போது சோடா உப்பு கிண்ணத்திலேயே தங்கித் தாளில் தொல்லை கொடுக்கும். அமோனியா ஆவியாகிப் போய்விடுகிறது, அதுவே அதன் சிறப்பு. பள்ளி ஆய்வகப் புட்டியில் உள்ள அடர் அமோனியாவை ஆசிரியரே நீர்க்கச் செய்து கொடுக்க வேண்டும்; சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்; பிளீச்சிங் பவுடர் கரைசல் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

தாளுக்கு வருவோம். வாட்மன் எண் 1 வடிதாள் நல்லது. அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பேனாவால் போட்டால் பேனா மையும் சேர்ந்து பிரிந்து ஓடும். பல்குச்சி முனையால் வைக்கும் புள்ளி 3 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு புள்ளி முற்றிலும் உலர்ந்த பிறகே அதன்மேல் அடுத்ததை வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் புள்ளி எளிதில் உலராது. முடி உலர்த்தும் கருவியை எட்டிப் பிடித்துக் காட்டலாம், அல்லது மேசை விளக்கின் அடியில் வைக்கலாம். தாள் பாத்திரச் சுவரைத் தொடாமல் தொங்க வேண்டும். நீர்மட்டம் பென்சில் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும்.

ஏற விடும் நீர்மம் எது? பகுப்பாய்வுக்கூடங்களில் பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் ஆகியவற்றின் கலவை போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு உப்புநீர் போதும்: 100 மில்லி நீருக்கு ஒரு கிராம் சமையல் உப்பு. மாணவிகள் இந்த உப்பின் அளவையே மாற்றிப் பார்த்தால், செயல்திட்டத்துக்கு உண்மையான ஆய்வுக் கேள்வி ஒன்று கிடைத்துவிடும். உப்பு கூடக்கூட, சாயம் நீரில் கரைந்திருக்கும் விருப்பம் குறைந்து தாளோடு ஒட்டும் விருப்பம் கூடுகிறது. ஆகவே புள்ளிகள் தாழ்வாக நிற்கும். 0.1 சதவீதம், 1 சதவீதம், 3 சதவீதம் என்று மூன்று பாத்திரங்களில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

இதனால்தான் நீரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலையொட்டிய பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே உப்புக் கரிப்பது உங்களுக்குப் புதிதல்ல. ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரிலும், மற்றவள் பள்ளிக் குழாய் நீரிலும் கரைசல் தயாரித்தால், இருவர் கணக்கும் ஒத்துப்போகாது. யாரோ தவறு செய்துவிட்டதாக வீணாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். இருசக்கர வண்டிப் பட்டறைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும், உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீரை வாங்கிக் கரைசல் தயாரிக்கப் பயன்படுத்துங்கள். குடிக்கும் பாத்திரத்தில் மட்டும் அதை ஊற்றி வைக்க வேண்டாம்.

நீர் 8 செ.மீ. ஏறியதும் தாளை எடுத்து, நீர் எட்டிய எல்லையை உடனே பென்சிலால் குறிக்க வேண்டும். உலர்ந்துவிட்டால் எல்லை தெரியாது. புள்ளி ஏறிய தூரத்தை நீர் ஏறிய தூரத்தால் வகுத்தால் வருவது ஆர்.எஃப். மதிப்பு. நீர் 80 மி.மீ., புள்ளியின் நடுப்பகுதி 60 மி.மீ. என்றால் 0.75. இணையத்தில் கிடைக்கும் ஆர்.எஃப். அட்டவணையோடு இதை ஒப்பிட்டுச் சாயத்தின் பெயரைச் சொல்லிவிடுவது பரவலாக நடக்கிறது. ஏற்க முடியாத முறை. தாளின் வகை, உப்பின் அளவு, வெப்பநிலை ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் மதிப்பு மாறும். பெயர் தெரிந்த சாயம் அதே தாளில், அதே கோட்டில், பக்கத்துப் புள்ளியாக நின்று ஓடியிருக்க வேண்டும்.

பெயர் தெரிந்த சாயத்துக்கு மளிகைக் கடையே போதும். உணவு நிறம் விற்கும் சிறு புட்டிகளின் லேபிளில் ஐ.என்.எஸ். எண், அதாவது உணவுச் சேர்பொருள்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டு எண் இருக்கும். 102 டார்ட்ரசின், 110 சன்செட் எல்லோ, 122 கார்மோய்சின், 124 பான்சோ 4ஆர், 127 எரித்ரோசின், 132 இண்டிகோ கார்மைன், 133 பிரில்லியண்ட் புளூ, 143 ஃபாஸ்ட் கிரீன். நெடுங்காலமாக நம் விதிகளில் இடம்பெற்றுள்ள எட்டுச் செயற்கைச் சாயங்கள் இவை. லேபிளில் ஒரே ஓர் எண் உள்ள புட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கேசரிப் பவுடரில் இரண்டு மூன்று எண்கள் இருப்பதுண்டு. அது ஒப்பீட்டுக்கு ஆகாது, ஆனால் பிரித்துப் பார்க்க நல்ல மாதிரி. பவுடரில் சர்க்கரை கலக்காமல் இருந்தால் கம்பளி வேலைகூடத் தேவையில்லை.

உப்புநீரில் பொதுவாகப் பிரில்லியண்ட் புளூ நீரின் எல்லையை ஒட்டியே ஓடிவிடும். டார்ட்ரசின் அதற்குக் கீழே, சன்செட் எல்லோ அதற்கும் கீழே நிற்கும். மூன்று சல்போனிக் தொகுதி கொண்ட பான்சோ 4ஆர், இரண்டே கொண்ட கார்மோய்சினைவிட மேலே ஏறும். சல்போனிக் தொகுதியே இல்லாத எரித்ரோசின் கிளம்பிய இடத்தை விட்டு அதிகம் நகராது. பச்சை சர்பத்தில் பச்சைச் சாயம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. மஞ்சள் டார்ட்ரசினும் நீலப் பிரில்லியண்ட் புளூவும் சேர்ந்த கலவையாக இருக்கும். தாளில் அது மேலே நீலம், கீழே மஞ்சள் என்று பிரிந்து நிற்பதைப் பார்க்கையில், கண்காட்சிக்கு வரும் பெற்றோர்கள் ஒரு நிமிடமாவது நின்றுவிடுவார்கள்.

ரோஸ்மில்க்தான் மூன்றில் கடினமானது, அதனால் அதைக் கடைசியாக எடுங்கள். அதில் வினிகர் ஊற்றினால் பால் திரிந்துவிடும். திரளும் பால்புரதம், கம்பளி செய்யும் அதே வேலையைச் செய்து, சாயத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பற்றிக்கொள்ளும். கொழுப்போ தாளைக் கெடுக்கும். பாலில் கலப்பதற்கு முன்னுள்ள ரோஸ் எசன்ஸையோ சிரப்பையோ கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, பத்து மடங்கு நீர் சேர்த்துச் சோதிப்பது நல்லது. திரிந்த பாலின் தயிர்க்கட்டி இளஞ்சிவப்பாகவும் தெளிநீர் அதைவிட வெளிறியும் இருந்தால், அதைத் தனியாக ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்துக் காட்டுங்கள். கம்பளி ஏன் நிறம் பிடிக்கிறது என்பதை விளக்க அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கோலா வகைகளை இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பேன். அவற்றின் பழுப்பு நிறம் கேரமல். சர்க்கரையைச் சூடாக்கும்போது உருவாகும் பலவகை மூலக்கூறுகளின் கலவை அது. தாளில் பழுப்புத் தீற்றலாகத்தான் வரும். மாறாக, இயற்கை நிறம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது பயன்தரும். பீட்ரூட் சாறு, சங்குப்பூ நீர் ஆகியவற்றை இதே முறையில் கொதிக்கவைத்தால், கம்பளி அவற்றின் நிறத்தை உறுதியாகப் பிடிக்காது. அமோனியா பட்டதும் நிறமே மாறிவிடும். செயற்கைச் சாயமா, இயற்கை நிறமா என்பதற்கான முதற்கட்டச் சான்று அது.

இப்போது மூன்றாவது கேள்வி. 2024 பிப்ரவரியில், உணவில் சேர்க்க அனுமதியில்லாத ரோடமின்-பி என்ற சாயம் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, புதுவையிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. அது முதல், இளஞ்சிவப்பாக எதைப் பார்த்தாலும் ரோடமின் என்று சந்தேகிக்கும் பழக்கம் மாணவர்களிடம் வந்திருக்கிறது. சந்தேகிப்பது தவறில்லை, தீர்ப்புச் சொல்வதுதான் தவறு. தாளில் ஒரு புள்ளி, டார்ட்ரசின் புள்ளியோடு உயரத்திலும் நிறத்திலும் ஒத்திருந்தால், 'டார்ட்ரசினோடு ஒத்துப்போகிறது' என்று மட்டுமே எழுத முடியும்; வேறொரு சாயமும் அதே உயரத்தில் நிற்கக்கூடும். எந்தப் புள்ளியோடும் ஒத்துப்போகாவிட்டால், 'எங்களிடம் இருந்த ஒப்பீட்டுச் சாயங்களில் எதுவுமில்லை' என்பதே முடிவு. ரோடமின்-பி காரச் சாயம், அதாவது மேலே சொன்ன சாயங்களுக்கு மாறாக நேர்மின்சுமை கொண்டது. அமோனியாவில் போட்டாலும் கம்பளி அதை எளிதில் விடாது. புற ஊதா விளக்கில் ஆரஞ்சாக ஒளிரும். எரித்ரோசினும் புற ஊதாவில் ஒளிரக்கூடியது என்பதால், ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் மேல் குற்றம் சாட்ட முடியாது. ஒப்பீட்டுக்காக ரோடமின் பொடியை வாங்கிப் பள்ளிக்குள் கொண்டுவரவும் வேண்டாம்.

நூல் நிறத்தை விடாத மாதிரி ஒன்று உண்மையிலேயே கிடைத்தால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உணவை விலைக்கு வாங்கியவர் கட்டணம் செலுத்தி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி செய்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். கண்காட்சி அட்டையில் கடையின் பெயரோ, பானத்தின் வணிகப் பெயரோ வேண்டாம். மாதிரி அ, மாதிரி ஆ என்று குறித்தால் போதும்.

அனுமதிக்கப்பட்ட சாயம் என்றால் கேள்வியே இல்லை என்றும் மாணவிகள் எழுத வேண்டியதில்லை. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர் ஆகியவை உள்ளிட்ட ஆறு சாயங்களில் எது சேர்ந்திருந்தாலும், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கேட்கிறது. எரித்ரோசினுக்கு உணவில் வழங்கியிருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. நம் நாட்டில் இவை அளவுக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டவை. மூன்றையும் அருகருகே எழுதி, படிப்பவர் யோசிக்க விட்டுவிடலாம்.

எவ்வளவு சாயம் என்ற கேள்வியை நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள். தாள் அதற்கு விடை தராது. புதுவையிலோ கடலூரிலோ உள்ள கல்லூரி வேதியியல் துறை ஒன்றில் அனுமதி பெற்று நிறமாலை ஒளிமானியில் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) அளக்க முடிந்தால், பச்சை சர்பத்தை மட்டும் கொண்டுசெல்லுங்கள். டார்ட்ரசின் 427 நானோமீட்டர் அருகிலும் பிரில்லியண்ட் புளூ 630 அருகிலும் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகின்றன. இரண்டு உச்சிகளும் விலகி இருப்பதால் கலவையாகவே அளந்துவிடலாம். ஆரஞ்சுக் கலரில் டார்ட்ரசினும் சன்செட் எல்லோவும் சேர்ந்திருந்தால், பின்னதன் உச்சி 482 அருகில் வந்து முன்னதன்மேல் படிந்துவிடும். கணக்கு ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிப் போகும்.

ஸ்வெட் என்ற ரஷ்யர் 1903இல் இலைச்சாற்றை இப்படிப் பிரித்ததும், மார்ட்டினும் சிங்கும் 1952இல் நோபல் பரிசு பெற்றதும் அட்டையில் இரண்டு வரிக்குமேல் போக வேண்டாம். அந்த இடத்தில், கோடு இழுத்த முதல் தாளையும் கம்பளியில் சுத்தம் செய்த பிறகு ஓட்டிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். தொடங்கும்போது மூன்று பானங்களையும் ஒன்றாகக் கையில் எடுக்காமல், பச்சை சர்பத் ஒன்றில் நீலமும் மஞ்சளும் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்வரை செய்துவிட்டு, பிறகு ஆரஞ்சுக்குப் போகச் சொல்லுங்கள்.